முட்டைக்குள் ஈரமும் காற்றும்: வீட்டில் குஞ்சு பொரிப்போர் அறியவேண்டுவன

மதுரை மாநகருக்கு வடமேற்கே, திண்டுக்கல் செல்லும் பெருவழியில் அமைந்துள்ளது சமயநல்லூர். இவ்வூரிலும் இதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் புழக்கடையில் பத்துக் கோழியேனும் வளர்க்கும் குடும்பங்கள் பல. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய நலத் திட்டம் தொடங்கப்பெற்ற காலந்தொட்டே, கால்நடை வளர்ப்பும் கோழி வளர்ப்பும் கிராம அபிவிருத்திப் பணியின் அங்கங்களாக இருந்து வருகின்றன. நிலமில்லாத குடும்பத்துக்கும் கைகொடுக்கும் தொழில் இது. வீட்டுப் பெண்டிரின் கைக்கே நேராக வருவாய் தருவது என்பது இதன் தனிச் சிறப்பு.

அண்மைக் காலத்தில் அடைக்கோழிக்குத் துணையாகச் சிறிய பொரிப்புப் பெட்டிகள் வீடுகளில் இடம்பெறத் தொடங்கியுள்ளன. மக்கள் இவற்றை இன்குபேட்டர் என்றே அழைக்கின்றனர். ஒரு தெர்மோகோல் பெட்டி, ஒரு மின்விளக்கு, சிறிய மின்விசிறி, உஷ்ணத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே அமைத்துக்கொள்வோரும் உளர். பெட்டி எதுவாயினும், அதனைப் பயன்படுத்துவோர் கூறும் குறை பெரும்பாலும் ஒன்றே. உஷ்ணம் சரியாக இருந்தது. ஏழாம் நாள் விளக்கொளியில் பார்த்தபோது கரு நன்றாக வளர்ந்திருந்தது. ஆயினும் இருபத்தொன்றாம் நாள் பல முட்டைகள் பொரியவில்லை. ஓட்டை உடைத்துப் பார்த்தால் இறகு முளைத்து முழு வளர்ச்சி பெற்ற குஞ்சு உள்ளேயே இறந்து கிடக்கிறது என்பதே அக்குறை.

இந்த நஷ்டம் இருமடங்கானது. அடை வைத்த நாட்டுக்கோழி முட்டைகளைச் சந்தையில் விற்றிருந்தால் அன்றே கைக்கு வந்திருக்கும் பணம் முதலாவது நஷ்டம். மூன்று வார மின்செலவும் உழைப்பும், விற்கவோ வளர்க்கவோ கிடைத்திருக்கவேண்டிய குஞ்சுகளும் இரண்டாவது நஷ்டம். இரண்டு முறை இவ்வாறு நேர்ந்தால் அந்தக் குடும்பம் பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிடுகிறது.

இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் உஷ்ணமன்று, ஈரமும் காற்றுமே. உஷ்ணத்தைக் கருவி கவனித்துக்கொள்ளும். ஈரத்தையும் காற்றையும் வைத்தவர்தாம் கவனித்தல் வேண்டும். அவை சரியாக உள்ளனவா என்பதை அறிய முட்டையையே அளவுகோலாகக் கொள்ளலாம். அதனை எவ்வாறு செய்வது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தாய்க்கோழியும் பெட்டியும்

அடைக்கோழி கூடையில் அமர்ந்திருக்கும்போது அதன் வயிற்றின் உஷ்ணம் முட்டையின் மேற்புறத்தில் படுகிறது. கூடையோ நாற்புறமும் காற்றுப் புகும் பின்னல் உடையது. கோழி நாளொன்றுக்கு ஒரு முறை இரை தேடச் சிறிது நேரம் எழுந்து செல்கிறது; முட்டைகளை அலகால் அடிக்கடி புரட்டுகிறது. ஆகவே முட்டைக்குப் புதிய காற்றுக் குறைவதில்லை; உள்ளிருந்து வெளிவரும் ஈரமும் தங்கிவிடுவதில்லை.

பெட்டியின் நிலை வேறு. அது உஷ்ணம் வெளியேறாதிருக்கவென்றே நன்கு மூடப்பட்டது. உஷ்ணத்தைத் தடுக்கும் சுவர் காற்றையும் தடுக்கிறது. ஆதலால் கூடையில் தானாக நடந்த இரண்டு காரியங்களைப் பெட்டியில் நாம் திட்டமிட்டுச் செய்யவேண்டியவர்களாகிறோம்.

செயற்கை முறையில் குஞ்சு பொரித்தல் புதியதன்று. எகிப்து நாட்டினர் மண் செங்கல்லால் கட்டிய அறைகளில், 2,000 ஆண்டுகளுக்கும் மேலாக ஆயிரக்கணக்கான முட்டைகளைப் பொரித்து வந்திருக்கின்றனர். அவர்களிடம் உஷ்ணமானி இல்லை. முட்டையை எடுத்துக் கண் இமைமேல் வைத்துச் சூட்டை அறிந்தனர். கூரையிலுள்ள துவாரங்களைத் திறந்தும் மூடியும் காற்றையும் சூட்டையும் ஒழுங்கு செய்தனர். வங்காளதேசத்தில் நெல் உமி நிரப்பிய அமைப்புகளில் வாத்து முட்டைகளைப் பொரிக்கும் முறை கிராம மக்களின் தொழிலாக விளங்குகிறது. மின்சாரம் இல்லாத இடத்திலும் முட்டையைக் கூர்ந்து நோக்கியோர் வெற்றி பெற்றனர் என்பதை இவை காட்டுகின்றன.

ஓடு சுவாசிக்கிறது

முட்டை ஓடு கல்லைப்போல் இறுகியதாகத் தோன்றினும், அதில் நுண்ணிய துளைகள் ஏறத்தாழ 10,000 உள்ளன. கருவுக்கு நுரையீரல் தொழிற்படும் வரை இத்துளைகளே மூக்கு. 60 கிராம் எடையுள்ள ஒரு கோழி முட்டை 21 நாட்களில் ஏறக்குறைய 6 லிட்டர் பிராணவாயுவை உட்கொள்கிறது; 4½ லிட்டர் கரியமில வாயுவையும் 11 லிட்டர் நீராவியையும் வெளிவிடுகிறது. இந்த நீராவியை நீராக்கி நிறுத்தால் ஏறக்குறைய 9 கிராம் இருக்கும்.

நீர் இவ்வாறு வெளியேறுவது குறையன்று; குஞ்சு பிறப்பதற்கு அது அவசியம். நீர் போன அளவுக்கு முட்டையின் அகன்ற முனையில் காற்றறை பெருகுகிறது. பத்தொன்பதாம் நாளையொட்டிக் குஞ்சு தன் அலகால் உட்சவ்வைக் கிழித்து அக்காற்றறைக்குள் மூக்கை நீட்டுகிறது. அதன் முதல் மூச்சு அங்கேதான் நிகழ்கிறது. பின்னர் ஓட்டில் சிறு வெடிப்பை உண்டாக்கி, வட்டமாக உடைத்துக்கொண்டு வெளிவருகிறது. காற்றறை சிறுத்திருந்தால் முதல் மூச்சுக்கு இடமில்லை என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

ஈரம் மிகினும் குறையினும்

பெட்டியில் ஈரம் மிகுந்திருந்தால் முட்டையிலிருந்து நீர் போதிய அளவு வெளியேறாது. காற்றறை சிறுத்துவிடும். குஞ்சு ஊதிப் பருத்து, திரும்ப இடமின்றி, உள்ளிருக்கும் நீரிலேயே மூச்சு முட்டி இறக்கும். தப்பி வருபவையும் பிசுபிசுப்பான உடலோடும், சரியாக மூடாத தொப்புளோடும் வரும். இத்தகைய குஞ்சுகளில் பல முதல் வாரத்தைத் தாண்டுவதில்லை.

ஈரம் குறைந்திருந்தால் நீர் அளவுக்கு மிஞ்சிப் போய்விடும். குஞ்சு சிறுத்திருக்கும். அது ஓட்டில் வெடிப்பு உண்டாக்கிய பின், உட்சவ்வு காய்ந்து தோல்போல் இறுகி அதன் உடலைப் பற்றிக்கொள்ளும். குஞ்சு திரும்ப இயலாமல் களைத்து இறக்கும்.

இவ்விரண்டு மரணங்களும் ஒரே நாளில், ஒரே தோற்றத்தில் நிகழ்வதால், காரணம் அறியாதவர் ஈரம் போதவில்லை என்று எண்ணி மேலும் நீர் வைக்கின்றனர். மிகுதியால் நேர்ந்த நோய்க்கு மேலும் மிகுதியே மருந்தாகிவிடுகிறது. ஆகவே முதலில் அளந்தறிதல் வேண்டும்.

எடையே சரியான அளவுகோல்

மின்விசிறி உள்ள பெட்டியில் உஷ்ணம் 37.5 டிகிரி சென்டிகிரேடும், முதல் 18 நாட்களுக்கு ஈரப்பதம் 50 முதல் 55 சதவிகிதமும் இருக்கவேண்டும் என்பது பொது விதி. விசிறி இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியும் இருக்கும். ஆதலால் முட்டையின் மேற்புற மட்டத்தில் உஷ்ணமானியை வைத்து 38.3 டிகிரி இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். ஆயினும் ஓட்டின் தடிப்பும் துளைகளின் எண்ணிக்கையும் கோழிக்குக் கோழி மாறுபடும். ஒரே ஈரத்தில் ஒரு முட்டை விரைவாகவும் மற்றொன்று மெதுவாகவும் நீரை இழக்கும். எனவே ஈரப்பத எண்ணைக் காட்டிலும் முட்டையின் எடைக் குறைவு நம்பத்தக்கது. அடை வைத்த நாளிலிருந்து 18-ஆம் நாளுக்குள் கோழி முட்டை தன் எடையில் 11 முதல் 13 சதவிகிதம் குறைதல் வேண்டும். நடுவான 12 சதவிகிதத்தைக் குறியாகக் கொள்ளலாம்.

சமையலறையில் பயன்படும் சிறு மின்தராசு இதற்குப் போதுமானது. பத்து முட்டைகளைத் தேர்ந்து, ஒவ்வொன்றின் எடையையும் அதன் ஓட்டின்மேல் பென்சிலால் எழுதுக. பேனா மையைப் பயன்படுத்தல் ஆகாது. பின்னர் பத்தையும் ஒன்றாக நிறுத்துக் குறிப்பேட்டில் பதிவு செய்க. ஒரு நாட்டுக்கோழி முட்டை 42 கிராம் என்று கொண்டால் பத்து முட்டைகள் 420 கிராம். அவற்றின் எடை கீழ்க்கண்டவாறு இறங்கிவர வேண்டும்.

அடை வைத்த நாள்: 420 கிராம்.
6-ஆம் நாள் (4 சதவிகிதக் குறைவு): 403 கிராம்.
12-ஆம் நாள் (8 சதவிகிதக் குறைவு): 386 கிராம்.
18-ஆம் நாள் (12 சதவிகிதக் குறைவு): 370 கிராம்.

ஆறாம் நாள் 395 கிராம் இருந்தால் நீர் விரைந்து போகிறது என்று பொருள், நீர்த்தட்டைப் பெரிதாக்குக. 412 கிராம் இருந்தால் நீர் போகவில்லை என்று பொருள். நீர்த்தட்டைச் சிறிதாக்கிக் காற்றுத் துவாரத்தை அகலத் திறந்துவிடுக. பன்னிரண்டாம் நாள் மீண்டும் நிறுத்துத் திருத்திக்கொள்ளலாம். இடையில் கருக்கூடாத முட்டை ஒன்றை அகற்றினால், ஓட்டின்மேல் எழுதிய அதன் தொடக்க எடையை 420-லிருந்து கழித்துவிட்டு, எஞ்சிய தொகைக்கு இதே சதவிகிதத்தைக் கணக்கிடுக.

தராசு இல்லாதவர் விளக்கொளியைப் பயன்படுத்தலாம். இருட்டறையில், துளையிட்ட அட்டையின் பின்னே கைபேசி விளக்கை வைத்து, முட்டையின் அகன்ற முனையைத் துளைமேல் பொருத்தினால் காற்றறையின் எல்லை தெளிவாகத் தெரியும். 7, 14, 18-ஆம் நாட்களில் அவ்வெல்லையைப் பென்சிலால் கோடிட்டு வைத்தால், காற்றறை வளர்வதைக் கண்ணால் காணலாம். பதினெட்டாம் நாளில் அது முட்டையின் மூன்றில் ஒரு பங்கை நெருங்கியிருக்கும்.

நம் பருவங்கள்

அறையில் நாம் உணரும் ஈரம் வேறு; அதே காற்று பெட்டிக்குள் சென்று 37.5 டிகிரிக்குச் சூடேறிய பின் காட்டும் ஈரம் வேறு. காற்று சூடேறினால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு பெருகுகிறது; உள்ள நீராவி மாறாததால் ஈரப்பதம் இறங்கிவிடுகிறது. இதனை நம் பகுதியின் மூன்று நாட்களைக் கொண்டு விளக்கலாம்.

கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில் அறையின் உஷ்ணம் 26 டிகிரி, ஈரப்பதம் 85 சதவிகிதம் என்று கொள்வோம். அக்காற்று பெட்டியில் 44 சதவிகிதம் ஆகிவிடும். சித்திரை மாதத்து நண்பகலில் 38 டிகிரியும் 35 சதவிகிதமும் இருப்பின், பெட்டியிலும் ஏறத்தாழ 36 சதவிகிதமே இருக்கும். மார்கழி விடியலில், புல்லின்மேல் பனி நிற்கும் வேளையில், 21 டிகிரியும் 85 சதவிகிதமும் இருப்பின், பெட்டியில் 33 சதவிகிதமே மிஞ்சும். ஈரமாகத் தோன்றும் மார்கழிக் காற்று, பெட்டிக்குள் சித்திரைக் காற்றைக் காட்டிலும் வறண்டது என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் கணக்கு அதுவே.

இதிலிருந்து அறியவேண்டுவது யாதெனின், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சிறிய நீர்த்தட்டே போதும். முட்டைகள் வெளிவிடும் ஈரமும் அதனோடு சேர்ந்துகொள்ளும். மார்கழி, தை மாதங்களிலும், கோடையிலும், ஆனி, ஆடியில் வறண்ட காற்று வீசும்போதும் பெரிய நீர்த்தட்டு வேண்டும். ஆண்டு முழுவதும் ஒரே தட்டை வைத்திருப்பவருக்கு ஒரு பருவத்தில் நன்றாகவும் மறு பருவத்தில் மோசமாகவும் குஞ்சு பொரிப்பதில் வியப்பில்லை. இடி முழங்கினால் முட்டை கெடும் என்று அஞ்சி அடைக்கூடையில் இரும்புத் துண்டும் கரியும் மிளகாயும் போடும் வழக்கம் நம்மிடையே உண்டு. மழைக்காலத்தில் பெட்டியில் குஞ்சு குறைந்தால் முதலில் ஆராயவேண்டியவை தேங்கிய ஈரமும் மின்தடையுமே.

கோடைக்கு மற்றோர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டுப் பெட்டியின் கருவி சூட்டை ஏற்ற வல்லதேயன்றி இறக்க வல்லதன்று. மதுரைச் சமவெளியில் மே மாதத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. தகரக் கூரையின்கீழ் வைத்த பெட்டி, விளக்கு அணைந்திருந்தும் கருவைக் கொன்றுவிடும். பெட்டியை வீட்டின் நடுவறையில், வெயிலும் நேர்க்காற்றும் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். அத்தகைய இடம் இல்லாதோர் சித்திரை, வைகாசியில் அடை வைப்பதைத் தவிர்ப்பது நலம். சேர்த்து வைக்கும் முட்டைகளையும் ஈர மணலில் பதித்த மண்பானைக்குள், கூர்முனை கீழே இருக்குமாறு வைத்து, கோடையில் மூன்று நான்கு நாட்களுக்குள் அடை வைத்துவிட வேண்டும்.

நீர்த்தட்டும் ஈரப்பதமானியும்

ஈரத்தை நிர்ணயிப்பது நீரின் ஆழமன்று, அதன் பரப்பே. ஒரு சொம்பு நிறைய நீர் வைப்பதைவிட அகன்ற தட்டில் ஒரு விரற்கடை நீர் ஊற்றுவது அதிக ஈரம் தரும். ஈரத்தைக் கூட்ட வேண்டின் மற்றொரு தட்டு வைக்கலாம். அல்லது தட்டில் சுத்தமான துணியை ஒரு முனை மேலே நிற்குமாறு இட்டு வைக்கலாம். ஊற்றும் நீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். நாள்தோறும் நீரை மாற்றுக. தேங்கிய நீரில் பூஞ்சணம் பிடிக்கும். முட்டையின்மேல் நீர் சொட்டலாகாது.

கடையில் கிடைக்கும் மலிவான ஈரப்பதமானிகள் சில வேளைகளில் பத்துப் புள்ளிகள் வரை பிழையாகக் காட்டும். இதனை வீட்டிலுள்ள உப்பைக் கொண்டே சோதிக்கலாம். ஒரு சிறு மூடியில் உப்பை நிரப்பி, கரைந்துவிடாமல் சேறுபோல் ஆகுமளவுக்குச் சில துளி நீர் விடுக. அம்மூடியையும் ஈரப்பதமானியையும் காற்றுப் புகாத டப்பாவில் இட்டு எட்டு மணி நேரத்துக்குமேல் மூடி வைக்க. உள்ளே ஈரப்பதம் 75 சதவிகிதத்தில் நிற்கும். கருவி 68 என்று காட்டினால், அது ஏழு குறைத்துக் காட்டுகிறது என்று அறிந்து, இனி காட்டும் எண்ணோடு ஏழைக் கூட்டிக்கொள்க.

ஈரப்பதமானி இல்லாதோர் இரண்டு உஷ்ணமானிகளைக் கொண்டும் அளக்கலாம். ஒன்றின் குமிழைப் பருத்தித் துணியால் சுற்றி, துணியின் மறுமுனையைக் காய்ச்சி ஆறிய நீருள்ள சிறு புட்டியில் விட்டு, விசிறிக் காற்றுப் படும் இடத்தில் வைக்க. உலர்ந்த உஷ்ணமானி 37.5 டிகிரி காட்டும்போது நனைந்தது 28.3 முதல் 29.3 வரை காட்டினால் ஈரம் 50 முதல் 55 சதவிகிதம் உள்ளது என்று பொருள்.

காற்றோட்டம்

ஈரம் வெளியேறிவிடும் என்று அஞ்சிக் காற்றுத் துவாரங்களை அடைத்து வைப்பது வீட்டுப் பெட்டிகளில் பெருந்தவறு. அடைகாலத்தின் முதல் வாரத்தில் கருவுக்கு மிகச் சிறிது காற்றே போதும். நாளடைவில் தேவை பெருகி, பொரிக்கும் தறுவாயில் நாட்டுக்கோழி முட்டை ஒன்றுக்கு நாளொன்றுக்கு அரை லிட்டரை நெருங்கிய பிராணவாயு வேண்டியிருக்கிறது. முப்பது முட்டைக்கு இது 12 லிட்டருக்குக் குறையாது. 40 லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டியிலுள்ள காற்றில் பிராணவாயு ஏறக்குறைய 8 லிட்டர்தான். துவாரங்களை அடைத்துவிட்டால் அக்குஞ்சுகள் ஒரு நாளைக்குக்கூடக் காற்றுப் போதாமல் திணறும் என்பது இதனால் விளங்கும். பிராணவாயு முற்றும் தீரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. அதற்கு முன்பே சேர்ந்துவிடும் கரியமில வாயு குஞ்சைச் சோர்வுறச் செய்யும்.

துவாரங்கள் கீழே சிலவும் மேலே சிலவும் இருத்தல் வேண்டும். சூடான காற்று மேலெழுந்து வெளியேற, கீழ்த் துவாரங்கள் வழியே புதிய காற்று உட்புகும். முப்பது முதல் ஐம்பது முட்டை கொள்ளும் பெட்டிக்குப் பக்கங்களின் அடிப்புறத்தில் நான்கும், மூடியில் நான்குமாக, சுண்டுவிரல் நுழையும் அளவில் துளையிட்டுக்கொள்ளலாம். முதல் வாரத்தில் பாதித் துவாரங்கள் திறந்திருந்தால் போதும்; இரண்டாம் வாரத்தில் முக்கால் பங்கும், பதினைந்தாம் நாள் முதல் அனைத்தும் திறந்திருக்க வேண்டும். பெட்டியை வெறுந்தரையில் அழுத்தி வைக்காமல் இரண்டு செங்கற்களின்மேல் உயர்த்தி வைத்தல் நன்று. விறகடுப்புப் புகை சூழும் சமையலறையில் வைப்பது எவ்வாற்றானும் தகாது. வெளிக்காற்றே கெட்டிருந்தால் துவாரத்தால் பயனில்லை.

ஈரம் போதவில்லையெனின் துவாரத்தை அடைக்காதீர்கள், நீர்ப்பரப்பைக் கூட்டுங்கள். ஈரம் மிகுந்துவிட்டதெனின் முதலில் நீர்ப்பரப்பைக் குறையுங்கள். இந்த ஒரு விதியைக் கைக்கொண்டாலே பாதி நஷ்டம் நீங்கும்.

மின்சாரம் தடைப்படும்போது பெட்டியைத் திறவாமல் பக்கங்களைக் கம்பளியால் போர்த்தி வைக்கலாம். ஆயினும் மேல் துவாரங்களை மூடிவிடலாகாது. நெடுநேரம் தடை நீடித்தால் வெந்நீர் நிரப்பிய புட்டிகளைத் துணியில் சுற்றி முட்டைகளின் அருகே வைக்கலாம்.

கடைசி மூன்று நாட்கள்

பதினெட்டாம் நாள் வரை முட்டைகளை நாளொன்றுக்கு மூன்று அல்லது ஐந்து முறை புரட்டுதல் வேண்டும். அன்றோடு புரட்டுதலை நிறுத்திவிட்டு, அடியில் வழுக்காத துணியை விரித்து முட்டைகளைப் படுக்கை வாட்டில் வைக்க. ஈரத்தை 65 முதல் 70 சதவிகிதமாக உயர்த்துக. இம்மூன்று நாட்களில் ஈரத்தைக் கூட்டுவது, குஞ்சு உடைத்துவரும் சவ்வு காயாமல் இருப்பதற்கே. அதுவரை நீர் சரியாகக் குறைந்திராவிடில் கடைசி நாளில் கூட்டும் ஈரம் எதனையும் சரிசெய்யாது.

குஞ்சு ஓட்டில் முதல் வெடிப்பு உண்டாக்கிய பின் முழுதும் வெளிவர ஒரு நாள் வரை ஆகலாம். அதற்குள் ஆவலால் மூடியைத் திறந்து பார்ப்போர் பலர். ஒருமுறை திறந்தால் சேர்ந்திருந்த ஈரம் முழுதும் ஒரு நொடியில் போய்விடும். வெடிப்பு விழுந்த மற்ற முட்டைகளின் சவ்வு காய்ந்துபோகும். ஓட்டை நாம் உரித்து உதவுவதும் ஆகாது. சவ்விலுள்ள இரத்தக் குழாய்கள் வற்றி, மஞ்சட்கரு வயிற்றினுள் ஈர்க்கப்படுமுன் உரித்தால் குஞ்சு இரத்தம் சிந்தி இறக்கும். வெளிவந்த குஞ்சுகள் வயிற்றிலுள்ள மஞ்சட்கருவைக் கொண்டே ஒரு நாள் இரையின்றி இருக்க வல்லவை. உடல் உலர்ந்து பஞ்சுபோல் ஆனபின் அனைத்தையும் ஒருங்கே எடுத்துக் கதகதப்பான இடத்துக்கு மாற்றலாம்.

பொரியாத முட்டை கூறும் செய்தி

இருபத்துமூன்றாம் நாளுக்குப் பின்னும் பொரியாத முட்டைகளைக் குப்பையில் எறிந்துவிடாமல் வெளியிடத்தில் உடைத்துப் பாருங்கள். கரு தோன்றியதற்கு அடையாளமே இல்லையெனின் அது கூமுட்டை. சேவலையும் முட்டை சேர்த்து வைத்த முறையையும் கவனிக்க வேண்டும். குஞ்சு பருத்து, ஈரம் சொட்ட, காற்றறை சிறுத்திருந்தால் ஈரம் மிகுதி. குஞ்சு சிறுத்து, சவ்வு உடலில் ஒட்டிக் காய்ந்திருந்தால் ஈரம் குறைவு. காற்றறை சரியான அளவில் இருந்தும் குஞ்சு முழு வளர்ச்சியோடு இறந்திருந்தால் கடைசி நாட்களின் காற்றோட்டத்தையும், புரட்டிய முறையையும், உஷ்ணம் ஏறியிறங்கிய நாட்களையும் ஆராய்க. பொரிப்பு முழுவதும் ஒரு நாள் தாமதித்திருந்தால் உஷ்ணம் குறைவு. முந்தி வந்திருந்தால் உஷ்ணம் மிகுதி. கண்டதைக் குறிப்பேட்டில் எடைக் கணக்கின் கீழேயே எழுதி வைத்தால், அடுத்த முறைக்கு அதுவே ஆசிரியர். பின்னர்ப் பெட்டியைச் சோப்பு நீரால் கழுவி வெயிலில் உலர்த்த மறவாதீர்கள்.

பிற பறவைகள்

வாத்து முட்டை 28 நாட்களிலும், வான்கோழி முட்டை 28 நாட்களிலும், கினிக்கோழி முட்டை 26 முதல் 28 நாட்களிலும், பண்ணைக் காடை முட்டை 17 அல்லது 18 நாட்களிலும் பொரியும். நாட்கணக்கு மாறினும், எடை குறைந்துவர வேண்டும், கடைசி மூன்று நாட்கள் ஈரம் கூட வேண்டும், துவாரம் திறந்திருக்க வேண்டும் என்னும் மூன்று விதிகளும் எல்லாவற்றுக்கும் பொதுவே.

ஆயினும் ஒன்றைக் குறிப்பிடுதல் கடமையாகும். நம் பகுதி வயல்களிலும் புதர்களிலும் மயில் முட்டைகள் கண்ணில் படுவது உண்டு. 1963-ஆம் ஆண்டு முதல் மயில் நம் தேசியப் பறவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதன் முட்டையை எடுப்பதும் வைத்திருப்பதும் தண்டனைக்குரிய குற்றம். இரக்கத்தால் எடுத்துவந்து பெட்டியில் வைப்பதும் குற்றமே. அத்தகைய முட்டைகளைத் தொடாமல் வனத்துறைக்குத் தெரிவித்தல் வேண்டும்.

குழுவாகச் செய்தால் எளிது

இக்கட்டுரையில் கூறிய உபகரணங்கள் ஒரு மின்தராசு, சோதித்த ஓர் ஈரப்பதமானி, ஒரு குறிப்பேடு ஆகிய மூன்றே. ஒவ்வொரு வீடும் இவற்றை வாங்க வேண்டுவதில்லை. தெருவிலுள்ள மகளிர் சுய உதவிக் குழு ஒரு தராசை வாங்கி உறுப்பினர் அனைவரும் பயன்படுத்தலாம். ஆறு நாட்களுக்கு ஒருமுறைதானே நிறுக்க வேண்டும்! பல வீட்டுக் குறிப்பேடுகளை ஒப்பிட்டுப் பார்த்தால், எந்த மாதத்தில் எவ்வளவு அகலத் தட்டு தேவை என்பது அவ்வூருக்கே உரிய அனுபவ அறிவாகச் சேர்ந்துவிடும்.

1989-ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பெற்ற தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கோழியினங்களைப் பற்றிய ஆராய்ச்சியையும், விவசாயிகளுக்கான பயிற்சியையும் நடத்தி வருகிறது. ஐயம் உள்ளோர் அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகி, பயிற்சி குறித்தும், பொரித்த குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் நோய்த் தடுப்பு மருந்து கொடுப்பது குறித்தும் கேட்டறியலாம்.

அடுத்த முறை அடை வைக்கும் அன்று, விளக்கை ஏற்றுவதற்கு முன் பத்து முட்டைகளை நிறுத்து எழுதிவையுங்கள். ஆறாம் நாள் மீண்டும் நிறுங்கள். அந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள வித்தியாசமே, நீரைக் கூட்டுவதா குறைப்பதா என்பதை உங்களுக்குச் சொல்லிவிடும்.